'பை' இல்லாத வாக்கியம்

'ராமா கில்ட் ராவணா'வை 'ராவணா வாஸ் கில்ட் பை ராமா' என்று திருப்பிப் போட்டால் ஸ்கூலில் ரெண்டு மார்க். பாஸிவ் வாய்ஸின் அசல் மகிமை, பி.காம். முடித்து அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

ஆபீஸ் இங்கிலீஷில் யாரும் எதையும் செய்வதில்லை, சார். 'ஃபைல் வாஸ் மிஸ்ப்ளேஸ்ட்', 'பேமென்ட் வாஸ் டிலேய்ட்'. எல்லாம் தானாக நடக்கும்! 'பை'யைக் கழற்றிவிட்டால் கூடவே ஆளும் கழன்றுகொள்வார். பெரிய இடத்திலும் இதே கதைதான். ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் பற்றி, 1987 ஜனவரியில் அன்றைய அமெரிக்க ஜனாதிபதி ரீகன் சொன்னது: 'சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்'. செய்தது யார்? மூச்!

ஒருமுறை 5,400 ரூபாய் செக்கில் ஒரு சைபர் கூடப் போட்டு 54,000 ஆக்கிவிட்டேன். பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர் மேனேஜர். மெமோ வந்தது. 'ஆன் எரர் ஹாஸ் பீன் கமிட்டெட்' என்று ஜம்மென்று எழுதிக் கொடுத்தேன்.

"பை ஹூம்னு போடலியே? வவுச்சர் எழுதினது அந்த டெம்பரரிப் பையன்தானே? அவன் பேரைச் சேர்த்துடுப்பா" என்றார் மேனேஜர்.

பையன் வேலைக்கு வந்து மூணு மாசம். டீ வாங்கி வந்தால் மீதிச் சில்லறையை ரெண்டு தடவை எண்ணிக் கொடுப்பவன். வவுச்சரில் 5,400 என்று சரியாகத்தான் எழுதியிருந்தான்.

பேப்பரைத் திரும்ப வாங்கி, 'ஐ மேட் தி மிஸ்டேக்' என்று எழுதினேன். நாலே வார்த்தை. கை லேசாக நடுங்கியது.

பையன் தப்பித்தான். எனக்கு ஆர்டர் வந்தது: 'இன்க்ரிமென்ட் இஸ் வித்ஹெல்ட்'.

நிறுத்தி வைத்தது யார்? தேடிப் பார்த்தேன். 'பை'யே இல்லை!