காலை இரண்டு மணிக்கு வகுப்பு

இந்திரா காந்தி சிலையைத் தாண்டி விழுப்புரம் சாலையில் மேற்கே போனால் ரெட்டியார்பாளையம். சாலையில் பஸ்ஸும் டூவீலரும் இடித்துக்கொண்டு போகின்றன. தெருவுக்குள் திரும்பியதும் சத்தம் அடங்கிவிடுகிறது. வழியில் பூட்டிய மாடி வீடுகள் சில. பிள்ளைகள் பிரான்ஸில் இருப்பார்கள். புதுச்சேரியில் அது ஒரு சேதியே இல்லை. நாங்கள் தேடிப் போன ஆசிரியரோ எத்தியோப்பியாவுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போய் வந்தவர். என் அக்கா மகளுக்கும் அடிஸ் அபாபாவிலிருந்து வேலை வரும் போலிருக்கிறது. கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

பழைய தடம்தான் இது. 1941-இல் இத்தாலியர் வெளியேறிய பின் பேரரசர் ஹைலி செலாசி பள்ளிகளைத் திறந்தபோது இந்தியாவிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தார். 1974 புரட்சிக்குப் பிறகு பலர் கிளம்பிவிட்டார்கள். 2000-க்குப் பின் புதுப் பல்கலைக்கழகங்கள் முளைத்ததும் மறுபடி அழைப்பு. சார் அப்போது போனவர். தானா ஏரிக்கரையில், நீல நைல் புறப்படும் பஹிர் தார் நகருக்கு. 2023 முதல் அந்த அம்ஹாரா வட்டாரத்தில் சண்டை. "இப்ப அந்தப் பக்கம் கூப்பிட்டா யோசிச்சுக்கம்மா" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார்.

"காலைல இரண்டு மணிக்கு வகுப்புன்னாங்க." அவள் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அங்கே பொழுது விடிவதிலிருந்துதான் மணி. நம் 7 அவர்களுக்கு 1, நம் 8 அவர்களுக்கு 2. உதயத்திலிருந்து நாழிகை எண்ணியவர்களின் பேரப்பிள்ளைகள் இதற்கு வியக்கக் கூடாது. ஆனாலும் வீட்டுக்காரர் மூன்று மணிக்குச் சாவி தருகிறேன் என்றதை நம்பி, சார் மதியம் போய் நின்றிருக்கிறார். அந்த மனிதர் காலை 9 மணிக்கே வந்து காத்திருந்து போய்விட்டார். ஆண்டுக்கணக்கும் நம்மைவிட ஏழெட்டு வருஷம் பின்னால். முப்பது நாள் மாதம் பன்னிரண்டு. மிஞ்சிய 5 அல்லது 6 நாளுக்கென்று பதின்மூன்றாவது மாதம். "ஒப்பந்தத்துல போட்டிருக்கிற தேதி எந்தக் காலண்டர்னு கேட்டுட்டுக் கையெழுத்துப் போடு." அவள் அடிக்கோடு போட்டுக்கொண்டாள்.

வகுப்பைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. சின்ன வகுப்புகளில் தாய்மொழி, உயர்நிலையில் திடீரென ஆங்கிலம். தமிழ் மீடியம் பிள்ளைகள் கல்லூரியில் மிரள்வதைப் பார்த்தவருக்கு அந்த முகங்கள் புதிதல்ல. நிறுத்திப் பேசு, போர்டில் எழுது என்றார். சிரமமெல்லாம் கேட்டுக்கு வெளியேதான். வகுப்பில் இலக்கணம் நடத்தியவர் சந்தையில் வெங்காயத்துக்குக் கைஜாடை காட்டியிருக்கிறார். எழுத்துதான் கைகொடுத்தது. அங்குள்ள அம்ஹாரிக் மொழியில் ஒவ்வொரு மெய்க்கும் ஏழு வடிவம். உயிர்மெய் வரிசை தெரிந்த தமிழனுக்குக் கடைப் பலகையை எழுத்துக்கூட்ட ரொம்ப நாள் ஆகாது. ஆட்டோவுக்கு அங்கே பெயரே பஜாஜ். அதற்கு அகராதி வேண்டாம்!

புதன், வெள்ளிகளில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் இறைச்சியும் பாலும் தொடமாட்டார்களாம், அதனால் அன்றைக்கு ஓட்டல்களில் சைவம் தாராளம். டெஃப் மாவைப் புளிக்கவைத்துச் சுடும் இஞ்சிராவுக்கு நாக்கு பழகக் கொஞ்சம் நாளானது.

அடுப்படியிலிருந்து சார் வீட்டு அம்மா குரல் கொடுத்தார்கள்: "குக்கரைச் சொல்லுங்க." அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கு மேல். தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் மசியாது. கேஸ்கட் கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக அவள் தன் கவலையைக் கேட்டாள். சர்டிபிகேட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். சார் சிரித்தார். எத்தியோப்பியர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், பிறகு அப்பா பெயர். "அங்க யாரும் சர்நேம் எங்கேன்னு கேக்க மாட்டாங்கம்மா. சர்டிபிகேட்டுக்கு அட்டெஸ்டேஷன் வாங்குறப்ப இங்கதான் கேப்பாங்க. அதை முதல்ல சரி பண்ணு."