லங்காவியில் ஒரு வாடகைக் கார்

பினாங்கில் வாழும் தம் தம்பியைக் கண் மூடுமுன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் உம்மாவின் நெடுநாள் ஆசை. அல்லாஹ்வின் அருளால் சென்ற பள்ளி விடுமுறையில் அது நிறைவேறியது. பினாங்கில் ஒரு வாரம் தங்கிய பின், பிள்ளைகளின் விருப்பத்திற்காக லங்காவித் தீவில் மூன்று இரவுகள் கழிக்க முடிவு செய்தோம். கப்பலும் தங்குமிடமும் ஒரே மாலையில் முடிவாயின. காரை எங்கே வாடகைக்கு எடுப்பது என்ற கேள்விதான் நான்கு நாள்கள் வீட்டைக் கலக்கியது.

லங்காவிக்குச் சென்றவர்கள் அறிவார்கள். கப்பல் துறை இருக்கும் குவா நகரிலிருந்து, பயணிகள் பெரும்பாலும் தங்கும் பந்தாய் செனாங் கடற்கரைக்கு 20 கிலோமீட்டருக்கு மேல். கேபிள் கார் ஏறும் மச்சின்சாங் மலை தீவின் மேற்குக் கோடியில்; அமைதியான தஞ்சோங் ரூ கடற்கரை வடக்குக் கோடியில். ஊர்ப் பேருந்தை நம்பிச் சுற்றக்கூடிய இடமன்று. கைப்பேசியில் அழைத்தால் வாடகை வண்டி வரும்தான். ஆனால் முழங்கால் தேய்ந்த உம்மாவையும் அவருடைய மடக்கு நாற்காலியையும் ஒவ்வோரிடத்திலும் ஏற்றி இறக்கி, தொழுகை நேரம் நெருங்கும்போது வண்டிக்காகத் தெருவோரம் காத்து நிற்பதை நினைத்தாலே மலைப்பாக இருந்தது.

ஓட்டுவதில் சிக்கல் இல்லை. மலேசியாவிலும் நம் நாட்டைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கி வைத்திருந்தோம். இராமநாதபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 4ஏ படிவம், 1,000 ரூபாய் கட்டணம், ஓராண்டு செல்லுபடி. அப்போது அதை வீண் செலவு என்று கேலி செய்தவர்களும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். யார் என்று எழுத வேண்டாம் என்பது வேண்டுகோள்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. விமான நிலையத்தில் முகப்பு வைத்திருக்கும் பெரிய நிறுவனம் ஒன்று: நாளொன்றுக்கு 210 ரிங்கிட், முன்பணத்துக்குக் கடன் அட்டை கட்டாயம். எங்களிடம் கடன் அட்டை இல்லை. வட்டிக்கு அஞ்சி வைத்துக்கொள்ளவில்லை. நாங்களோ கப்பலில் செல்பவர்கள். அந்த வழி தானாகவே அடைந்துவிட்டது. அடுத்தது குவாவில் உரிமம் பெற்று ஒரு பெண்மணி நடத்தும் சிறிய கடை: ஏழு பேர் அமரும் பெரோடுவா அல்சா, நாளொன்றுக்கு 150 ரிங்கிட், 200 ரிங்கிட் முன்பணம் ரொக்கமாக.

மூன்றாவது, மாமா ஏற்பாடு செய்தது. லங்காவியில் அவருக்குத் தெரிந்த ஒருவர் தம் சொந்தக் காரை 80 ரிங்கிட்டுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார். "நம்ம ஆள்தான் மருமகனே, ஐவேளை தொழுபவர். கடைக்காரனுக்கு ஏன் கொட்டிக் கொடுக்கிறீர்கள்?" என்றார் மாமா. மூன்று நாளில் 210 ரிங்கிட் மிச்சம். எங்களைப் போன்ற குடும்பத்திற்கு அது சிறிய தொகையன்று. எங்களுக்கும் மனம் அந்தப் பக்கமே சாய்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவரோடு தொலைபேசியில் பேசியபோதுதான் தயக்கம் வந்தது. ஒப்பந்தத் தாள் உண்டா என்று கேட்டோம். நமக்குள் எதற்குத் தாள் என்றார். ஓட்டுபவரின் அனுமதிச் சீட்டைப் படமெடுத்து அனுப்பவா என்றோம். தேவையில்லை என்றார். ஆனால் கார் திரும்பும்வரை ஒரு கடவுச்சீட்டு அவரிடம் இருக்க வேண்டுமாம். காப்பீட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்ற பதில்.

காப்பீடு இருந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சொந்தப் பயன்பாட்டுக்கென எடுத்த காப்பீடு, வண்டியை வாடகைக்கு விடும்போது பொதுவாகச் செல்லாது. ஒன்றும் நேராதவரை யாருக்கும் இது தெரியப்போவதில்லை. நேர்ந்துவிட்டால்? வேற்று நாட்டில், உம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வண்டியில் இருக்க, சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள்காரருக்கு நம்மால் அடிபட்டால், அவருடைய குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? அன்றிரவு இந்த ஒரு கேள்வியில் எங்கள் பேச்சு நின்றுவிட்டது.

வாடகை ஒப்பந்தத்தை ஃபிக்ஹ் நூல்கள் இஜாரா என்ற தலைப்பில் விரிவாகப் பேசுகின்றன. பயனும் காலமும் கூலியும் இரு தரப்பாருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அடிப்படை. வாடகைக்கு எடுத்தவரின் கை அமானிதக் கை; கவனக்குறைவோ வரம்பு மீறலோ இல்லாமல் பொருளுக்குச் சேதம் வந்தால் அவர் பொறுப்பாளி அல்லர். ஊர் மதரஸாவில் படித்த காலத்தில் இதெல்லாம் யாருக்கு உதவும் என்று நினைத்ததுண்டு. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282ஆவது வசனம் தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. நம் சமுதாயத்தில் 'நம்ம ஆள்' என்ற சொல் வந்ததும் தாளும் பேனாவும் மறைந்துவிடுகின்றன. எழுதச் சொல்வது ஐயப்படுவதாகிவிடுகிறது. எத்தனை கூட்டு வணிகங்கள், எத்தனை சம்பந்தங்கள் இப்படியே முறிந்தன என்பதை ஒவ்வொரு தெருவும் சொல்லும்.

மறுநாள் மாமாவிடம் சொன்னோம். காரணங்களை எவ்வளவு மென்மையாக அடுக்கினாலும் அவர் காதில் விழுந்தது ஒன்றே: அவருடைய வாக்கை நாங்கள் மதிக்கவில்லை. "சரி, உங்கள் விருப்பம்" என்று மட்டும் சொல்லி எழுந்து போனார். அவருக்காக அந்த மனிதர் வேறு வாடிக்கையைத் தட்டிக் கழித்திருந்தாராம். அது பிறகுதான் தெரிந்தது. உம்மா எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. தம்பி பக்கமும் பேசவில்லை. தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு இருந்தார். நாங்கள் புறப்பட்ட அதிகாலையில், ஒரு வாரமாக எங்களை எங்கும் தனியே விடாத மாமா, பேருந்து நிலையத்துக்கு வரவில்லை.

குவாலா கெடாவிலிருந்து கப்பலேறி லங்காவியில் இறங்கியது வெள்ளிக்கிழமை. லங்காவி கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். இரண்டரை மணிக்கு மேல் வாருங்கள் என்று கடைப் பெண்மணி முன்பே சொல்லியிருந்தார். பயணிகளுக்குக் கடமையில்லை என்றாலும் அல்-ஹனா பள்ளிவாசலில் ஜும்ஆ கிடைத்தது. பிறகு கடைக்குப் போனோம். அவர் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் மலாய் கலந்த ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினார். காரைச் சுற்றி வந்து பழைய கீறல்கள் ஏழையும் தாளில் குறித்தார்; நாங்கள் படமெடுத்துக்கொண்டோம். எரிபொருள் அளவு எழுதப்பட்டது. காப்பீடு தக்காஃபுல் வகை. மலேசியாவில் இதற்கு 1984இலேயே சட்டம் இயற்றிவிட்டார்கள். கடவுச்சீட்டின் நகலை மட்டும் வாங்கிக்கொண்டார். பிறகு முன்னிருக்கையை அவரே பின்னுக்குத் தள்ளி உம்மாவுக்குக் கால் நீட்ட இடம் செய்து கொடுத்தார். வாகன துஆவை ஓதிப் புறப்பட்டோம்.

எட்டாவது கீறல் எங்களுடையது. தஞ்சோங் ரூவில் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது பக்கக் கண்ணாடி ஒரு கம்பத்தில் உரசியது. இது கவனக்குறைவா, தற்செயலா என்று வண்டிக்குள்ளேயே பெரிய ஆய்வு நடந்தது. அமானிதக் கை என்ற வாதமும் எழுந்தது. "வாப்பா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்" என்று மகள் சாட்சி சொன்னதும் வழக்கு முடிந்தது. காரைத் திருப்பும்போது நாங்களே காட்டினோம். 60 ரிங்கிட் பிடித்துக்கொண்டு, அதற்கும் சீட்டு எழுதித் தந்தார் அந்தப் பெண்மணி.

பினாங்குக்குத் திரும்பிய இரவு மாமா வாசலில் நின்றிருந்தார். உம்மாவின் கையைப் பிடித்து இறக்கினார். சாப்பாடு முடியும்வரை பொதுப்பேச்சு. பிறகு, கார் மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். கீறலையும் சேர்த்துச் சொன்னோம். மனத்துக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து உம்மாவிடம் திரும்பி, "லாத்தா, கேபிள் காரில் ஏறினீர்களா?" என்றார்.

"ஏறினேன் தம்பி. பாதி வழியில் கண்ணை மூடிக்கொண்டேன்" என்றார் உம்மா.