கம்பெனி பஸ்ஸில் போன புத்தகம்

எங்கள் பள்ளியில் வாசிப்பு மன்றம் தொடங்கிய முதல் வருடம் எனக்கு ஒரே கோபம். ஆசையாகப் புத்தகம் எடுத்துப் போகிற பெண்கள், பத்து நாள் கழித்துப் பிரிக்காமலே கொண்டுவந்து தருவார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்: "டிவி பார்க்க நேரமிருக்கு, இதுக்கு இல்லையா?" அவள் பேசவில்லை. பக்கத்தில் இருந்தவள்தான் சொன்னாள்: "மிஸ், அவங்கம்மா மெப்ஸுல வேலை பாக்குறாங்க. வர ஒம்போது ஆயிடும். சோறு, பாத்திரம், தம்பி எல்லாம் இவதான்."

தாம்பரத்தில் இருந்துகொண்டு மெப்ஸ் தெரியாதா? சானடோரியத்தில் 1984இல் வந்த ஏற்றுமதி வளாகம். கம்பெனி பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியபடி போகிற பெண்களை எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன். அவர்களுடைய மகள்களின் சாயங்காலம் என்னவாகிறது என்று யோசித்ததில்லை.

புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. 1948ஆம் வருடத்து நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். சாயங்காலம் கிளை நூலகத்துக்குப் போனால் நாளிதழ் மேசையைச் சுற்றி ஆண்கள். சின்ன வயதில் எனக்கும் அண்ணன்தான் அங்கிருந்து எடுத்து வருவான். அவனுக்குத் துப்பறியும் கதைதான் பிடிக்கும். காலேஜ் போகிறவரை நான் படித்ததெல்லாம் அவனுடைய ருசி.

2023இல் அரசுப் பள்ளிகளுக்கு வந்த வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சின்னப் புத்தகங்களைத் தந்தது. நல்ல காரியம். ஆனால் பறக்கிற வயதில்தானே கையில் கரண்டி வருகிறது. பத்தாம் வகுப்பு வந்தால் நூலகப் பாடவேளையையும் கணக்குக்கு எடுத்துக்கொள்வார்கள்.

மன்றத்தை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றினேன். விமர்சனம் எழுத வேண்டாம், பிடிக்காவிட்டால் பாதியில் வைத்துவிடலாம் என்றேன். (இதற்குத்தான் ஆசிரியர் அறையில் அத்தனை முணுமுணுப்பு.) அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையை மூன்று மதியங்களில் படித்து முடித்தோம். நான் பெரிய விவாதத்துக்குத் தயாராக இருந்தேன். ஒருத்தி கேட்டாள்: "எங்க வீட்டுல சமையலறையே கிடையாது மிஸ், ஒரே ரூம்தான். அப்போ எங்கம்மா எந்த மூலை?" எனக்குப் பதில் வரவில்லை.

நான் திட்டிய பெண் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' எடுத்துப் போனாள். ஒரு மாதமாகியும் திரும்பவில்லை. இந்த முறை நான் கேட்கவில்லை. பெற்றோர் கூட்டத்தன்று அவள் அம்மா சாப்பாட்டுப் பையிலிருந்து அதை எடுத்து வைத்தார்.

"நான்தான் வச்சிருந்தேன் டீச்சர். பஸ்ல போறப்போ படிச்சேன். உப்பளத்துல நிக்கிறதும் எங்க லைன்ல நிக்கிறதும் ஒண்ணுதான் போல. வேற இருக்கா?"

பதிவேட்டில் மாணவிகளின் பெயரைத்தான் எழுத வேண்டும். அவர் பெயரையே எழுதி, பாமாவின் 'கருக்கு' கொடுத்தேன். அது இன்னும் வரவில்லை. பஸ்ஸில் இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்களாம்.

மகள் இப்போதும் மதியத்தில் மட்டும்தான் படிக்கிறாள். தம்பிக்கு என்ன வயது என்று அன்றைக்கே அந்த அம்மாவிடம் கேட்டேன். பன்னிரண்டு. "அவன் தட்டையாவது அவன் கழுவலாமே?" என்றேன். சிரித்தார்.

"சொல்லிப் பாக்குறேன் டீச்சர். அவங்கப்பா வீட்டுல இல்லாத நேரமா பாத்துச் சொல்லணும்."