கொடுத்தவர் இல்லாத தகவல்

தமிழ் நாளிதழ்களில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியம் உண்டு: ‘காவல் துறையினருக்கு ரகசியத் தகவல் கிடைத்தது.’ யார் கொடுத்தார் என்பது அதில் இராது. ‘கொடு’ வரவேண்டிய இடத்தில் ‘கிடை’ வந்து, கொடுத்தவரை வாக்கியத்திலிருந்து அகற்றிவிடுகிறது. அவருடைய உயிருக்கு அது பாதுகாப்பு. அதே நிகழ்வை, பிடிபட்டவருடைய வீட்டார் வேறு விதமாகச் சொல்வார்கள்: ‘கூட இருந்தவனே காட்டிக்கொடுத்துவிட்டான்.’ இங்கே கொடுத்தவன் முன்னால் நிற்கிறான். வாங்கிக்கொண்டவர் யார் என்பது சொல்லப்படுவதில்லை. முதல் வாக்கியத்தில் கைமாறியது தகவல். இரண்டாவதில் கைமாறியது ஒரு மனிதர்.

ஆயுதக் குழுக்களையும் அவற்றுக்குள் இருக்கும் உளவாளிகளையும் பற்றிய இந்தியத் திரைப்படங்கள் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒரு வாக்கியத்தைத் தேர்ந்துகொண்டே கதை சொல்கின்றன. கோவிந்த் நிஹலானி என்ற ஒரே இயக்குநர், நான்கு ஆண்டு இடைவெளியில், இரண்டு வாக்கியங்களிலும் படம் எடுத்திருக்கிறார் என்பது கவனத்துக்குரியது.

முதலாவது 1994இல் வந்த ‘துரோக்கால்’. அடுத்த ஆண்டே பி.சி. ஸ்ரீராம் இயக்கத்தில், கமல்ஹாசன் நடிப்பில், ‘குருதிப்புனல்’ என்று தமிழுக்கு வந்தது இந்தக் கதைதான். தீவிரவாதக் குழு ஒன்றுக்குள் இரண்டு பேரைக் காவல் துறை அனுப்பிவைக்கிறது. ஒருவர் பிடிபட்டு, மற்றவரைக் காட்டிக்கொடுக்காமல் இறக்கிறார். மறுபுறம், குழுவின் தலைவனும் காவல் துறைக்குள் தன் ஆளை வைத்திருக்கிறான். குடும்பத்தின் மீது மிரட்டல் வரும்போது கதாநாயகனான அதிகாரியும் செய்தி கடத்துபவராக மாறுகிறார்.

இரு தரப்பின் செயலும் ஒன்றேதான்: நம்பிக்கை பெற்று உள்ளே இருத்தல், உள்ளே கேட்டதை வெளியே சொல்லுதல். ஆனால் ‘துரோகம்’ என்ற சொல் காவலரில் விலைபோனவர்களுக்கு மட்டுமே உரியதாகிறது. குழுவுக்குள் அனுப்பப்பட்டவர்களின் செயல் தியாகம். கதை காவல் துறையின் பக்கத்தில் நின்று பேசுவதால் அப்படி அமைவது இயல்பு. ஆனால் அப்படி நிற்பதற்கு ஒரு விலை உண்டு. அந்தக் குழு எதற்காக ஆயுதம் ஏந்தியது, எந்த ஊர் மக்களிடமிருந்து அது உருவானது என்பதெல்லாம் மங்கலாகவே இருக்கின்றன. தகவல் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் மனிதர்கள் இல்லாமல் போகிறார்கள்.

இந்தப் பார்வை தமிழுக்குப் புதிதல்ல. திருக்குறளின் ‘ஒற்றாடல்’ அதிகாரம் முழுவதும் அரசனை நோக்கியே பேசுகிறது. ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்கிறது. ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்வது மறைபொருளை வெளியிடுவதாகும் என்று எச்சரிக்கிறது. அரசன் பயன்படுத்தும் ஒரு கருவியாக ஒற்றன் அங்கே இருக்கிறான். அவனுடைய அச்சம் அந்த அதிகாரத்தின் கவலை அல்ல. திரைப்படம் ஒற்றனுக்கு முகமும் குடும்பமும் கொடுத்து, வள்ளுவர் மறுத்த வெளிப்படையான சிறப்பையும் செய்துவிடுகிறது. ஆயினும் அரசன் இருக்கும் இடத்திலிருந்து அதன் பார்வை நகர்வதில்லை.

நிஹலானியின் இரண்டாவது படம் 1998இல் வந்த ‘ஹஜார் சவ்ராசி கி மா’. மகாசுவேதா தேவியின் வங்க நாவலைத் தழுவியது. எழுபதுகளின் கல்கத்தாவில், நக்சல்பாரி இயக்கத்தில் சேர்ந்திருந்த தன் மகனை ஒரு தாய் பிணவறையில் 1084 என்ற எண்ணாக அடையாளம் காண்கிறாள். மகனும் தோழர்களும் கொல்லப்பட்டதற்கு உள்ளிருந்தே ஒருவன் காட்டிக்கொடுத்தது காரணம் என்பது பின்னர் தெரியவருகிறது. ‘துரோக்கா’லில் மங்கலாக இருந்த பக்கம் இங்கே முழு வெளிச்சத்துக்கு வருகிறது: கொல்லப்பட்டவர்களுக்கு வீடு இருக்கிறது, தாய் இருக்கிறாள், காதலி இருக்கிறாள். ஆனால் இப்போது காட்டிக்கொடுத்தவன் மங்கிப்போகிறான். அவன் ஏன் அப்படிச் செய்தான், அவனிடம் யார் என்ன பேசினார்கள் என்பது கதையின் அக்கறைக்கு வெளியே நிற்கிறது. துயரத்தில் இருக்கும் தாயிடம் அந்த அக்கறையை எதிர்பார்க்கவும் முடியாது.

பிரகாஷ் ஜாவின் ‘சக்ரவியூஹ்’ (2012) இரு பக்கங்களையும் ஒருவனுக்குள் வைக்க முயல்கிறது. காவல் அதிகாரியான நண்பனுக்காக மாவோயிஸ்டுகளிடையே நுழையும் ஒருவன், அங்கே கண்டவற்றால் மனம் மாறி அவர்களுடனேயே நின்றுவிடுகிறான். முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால் அவனுக்குத் தேர்வு செய்யும் சுதந்திரம் இருக்கிறது. அவன் வெளியூரிலிருந்து தன் விருப்பத்தால் காட்டுக்குள் போனவன்.

அந்தச் சுதந்திரம் இல்லாதவனை விஷால் பரத்வாஜின் ‘ஹைதர்’ (2014) சில கணங்கள் காட்டுகிறது. கதை நடப்பது 1995ஆம் ஆண்டின் காஷ்மீரில். ஊர் ஆண்கள் வரிசையாக நிறுத்தப்படுகிறார்கள். முகமூடி அணிந்த ஒருவன் ராணுவ வண்டியில் அமர்ந்திருக்கிறான். அவன் அடையாளம் காட்டுகிறவர்கள் கொண்டுசெல்லப்படுகிறார்கள். அவன் ஒரு சொல்லும் பேசவேண்டியதில்லை. ஈழத் தமிழில் இத்தகையவனுக்கு ஒரு பெயர் உண்டு: ‘தலையாட்டி’. அந்தச் சொல்லில் கொடுத்தலும் இல்லை, துரோகமும் இல்லை. ஓர் உடலசைவு மட்டுமே இருக்கிறது. மூடிய முகத்தின் பின்னால் இருப்பவன் விலைபோனவனா, அடிபட்டுப் பணிந்தவனா என்பது வரிசையில் நிற்பவனுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையை அந்தச் சொல் அப்படியே வைத்திருக்கிறது.

திரைக்கு வெளியே இந்தச் சொற்களுக்காக உயிர்கள் போகின்றன. சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில், காவல் துறைக்குத் தகவல் கொடுத்ததாகக் குற்றஞ்சாட்டி மாவோயிஸ்டுகள் பழங்குடியினரைக் கொன்ற செய்திகள் பல ஆண்டுகளாக வந்திருக்கின்றன. அரசின் பக்கத்தில், பழங்குடி இளைஞர்கள் சிறப்புக் காவல் அலுவலர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். ஐந்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு முன்னுரிமை, மாதம் 3000 ரூபாய் மதிப்பூதியம். வழிகாட்டுவது, ஆள் அடையாளம் காட்டுவது, மொழிபெயர்ப்பது ஆகியன அவர்களுடைய பணிகள். வெளி மாநிலங்களிலிருந்து வந்த படையினருக்குக் கோண்டி தெரியாது, இவர்களுக்குத் தெரியும். தாய்மொழி அறிவே ஒருவரை இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவில் நிறுத்தியது. எதிர்ப்படையால் முதலில் குறிவைக்கப்படுவோரும் இவர்களே என்பதைக் கருத்தில் கொண்டு, மாவோயிஸ்டுகளுக்கு எதிரான பணிகளில் இவர்களைப் பயன்படுத்துவது அரசியலமைப்புக்கு முரணானது என 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டிலேயே மாநில அரசு புதிய சட்டம் இயற்றி அவர்களைத் துணை ஆயுதப் படையில் சேர்த்துக்கொண்டது.

அந்த மொழிபெயர்ப்பாளன் நம் படங்களில் அரிதாகவே வருகிறான். அவன் பயிற்சி பெற்ற அதிகாரி அல்ல. கொள்கை மாறிய தோழனும் அல்ல. பக்கத்து ஊர்க்காரன் சொன்னதை இந்தியில் சொல்லச் சொன்னார்கள், சொன்னான். அவன் செய்ததைத் தமிழில் எழுதினால் எந்த வினையைப் போடுவது? ‘தகவல் கொடுத்தான்’ என்றால் அதனால் இறந்தவர் மறைந்துவிடுவார். ‘காட்டிக்கொடுத்தான்’ என்றால் அவனை வாய் திறக்க வைத்தவர்கள் மறைந்துவிடுவார்கள். ‘தகவல் கிடைத்தது’ என்றால் அவனே இல்லை.

திரைக்கதையை ஆராய்கிறவர்களும் எழுத முயல்கிறவர்களும் ஒரு படத்தைப் பார்த்து முடித்ததும் மூன்று எளிய கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்: கொடுத்தவர் யார், கொடுக்கப்பட்டவர் யார், வாங்கிக்கொண்டவர் யார்? மூவருக்கும் முகம் உள்ள படங்கள் மிகக் குறைவு. ‘ஹைத’ரில் அடையாள அணிவகுப்பு முடிந்ததும் கதை கொண்டுசெல்லப்பட்டவரைத் தொடர்கிறது; அதுவே அதன் நியாயம். முகமூடியைக் கழற்றிவிட்டு அன்றிரவு அந்த மனிதன் எந்த வீட்டுக்குத் திரும்பினான், கதவைத் திறந்தவர் அவனிடம் என்ன கேட்டார் என்பதை எடுக்க இன்னொரு படம் வேண்டும்.