சட்டையைக் கழட்டுங்க சார்!

நம்ம ஊர்ல குழந்தை பொறந்தா அப்பனுக்குன்னு சில வேலைகள் உண்டு. மருந்துச் சீட்டை வாங்கிட்டு ஓடறது, பில் கட்டறது, சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போட்டு எடை, நேரம், நட்சத்திரம் ஒப்பிக்கறது. அதோட சரி. ஆசையா தூக்கப் போனா "கழுத்து நிக்கலை மாப்ள, பாத்து"ன்னு ஒரு குரல் வரும். கை தானா பின்னால போயிடும். ஆறு மாசம் கழிச்சு "அப்பன்கிட்ட போகவே மாட்டேங்குதே"ன்னு அதே குரல் ஆச்சரியப்படும். எப்படிங்க போகும்?

எங்க வீட்டுல இந்த வழக்கம் உடைஞ்சதுக்கு ஒரு நர்ஸம்மாதான் காரணம். 2018-ல பொண்ணு 33 வாரத்துலயே பொறந்துட்டா. 1,750 கிராம். தங்கமணிக்கு சிசேரியன், போதாக்குறைக்கு பிரஷர் வேற. ரெண்டு நாளைக்கு எழுந்து வர முடியாது. வார்டு வாசல்ல முழிச்சிட்டு நின்ன என்னைக் கூப்பிட்டு, அந்தம்மா சொன்ன முதல் வார்த்தைதான் தலைப்பு.

கங்காரு முறை. 1978 வாக்குல கொலம்பியாவோட பொகோட்டாவுல, இன்குபேட்டர் பத்தாத ஆஸ்பத்திரியில டாக்டர்கள் ஆரம்பிச்சது. குழந்தைக்கு டயப்பர், குல்லா, சாக்ஸ் மட்டும். நம்ம வெறும் நெஞ்சுல நிமிர்த்தி, கை கால் தவளை மாதிரி மடங்கியிருக்க, தலையை ஒரு பக்கமா திருப்பி வச்சு, துணியால கட்டணும். தாடை நெஞ்சுல அழுந்தக்கூடாது, மூச்சு முட்டும். ஒரு தடவை உக்காந்தா குறைஞ்சது ஒரு மணி நேரம். அம்மாதான் முதல் சாய்ஸ், பாலும் அங்கதானே இருக்கு. அவங்களால முடியாதப்ப அப்பன் நெஞ்சும் சூடுதான்.

அந்தம்மாகிட்ட எனக்குப் பிடிச்சது, "தள்ளுங்க, நான் செய்யறேன்"னு ஒரு தடவைகூட சொல்லலை. முதல்ல ஒரு துணி பொம்மை. அப்புறம் நிஜம். என் விரல் நடுங்கினதைப் பாத்துட்டு, கையைக் கட்டிக்கிட்டு பேசாம நின்னாங்க. "தலைக்கு அடியில ஒரு கை... ஆங், அவ்வளவுதான் சார்." உக்காரும்போது 36.2 டிகிரி இருந்தவ, ஒரு மணி நேரத்துல 36.8. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து சொன்ன எதையும் விட அந்த 0.6தான் எனக்குத் தைரியம் கொடுத்துச்சு.

மறுநாள் பாலாடையில பால் கொடுக்கக் கத்துக்கிட்டேன். தொப்புள் கொடியில எதுவும் தடவாம உலர விடணும், டயப்பரை அதுக்குக் கீழ மடிக்கணும், இத்யாதி. இதுக்கு நேரடிப் பலன் வீட்டுல தெரிஞ்சது. மாமியார் மஞ்சளும் எண்ணெயுமா தொப்புளைத் தேடி வந்தப்ப, "வேணாம் அத்தை, காய்ஞ்சு தானா விழுந்துடும்"னு நான்தான் சொன்னேன். தங்கமணி சொல்லியிருந்தா ஒரு வாரத்துக்குப் பஞ்சாயத்து!

அப்பாக்களுக்கு லீவு வேணும்னு பேசறோம், நியாயம்தான். மத்திய அரசு ஊழியர்னா 15 நாள் உண்டு, தனியார்ல கம்பெனி மனசு வச்சாதான். ஆனா கத்துக்கொடுக்க ஆள் இல்லாம லீவு மட்டும் கிடைச்சா, அந்த 15 நாளும் மெடிக்கல் ஷாப் வாசல்லயே கழிஞ்சிடும்.

அடுத்த மாசம் மச்சினன் வீட்டுல பிரசவம். முன்பக்கம் முழுக்க பட்டன் வச்ச லூஸான சட்டை ரெண்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். "எதுக்கு மாமா?"ங்கறான். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன், பொண்ணோட பழைய பொம்மை ஒண்ணு இருக்கு.