பூவோடு வந்த போட்டோ

என்னைத் தனியாக யாரும் போட்டோ எடுத்து வருஷக்கணக்காகிறது. போன ஆவணியில் எடுத்தார்கள். எடுத்தது மனிதரில்லை, சென்னையில் எங்கள் பக்கத்துச் சிக்னல் கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் காமிரா!

அன்று நாத்தனார் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். மகன் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டு, "அம்மா, ஹெல்மெட்" என்று நீட்டினான். நானோ அரைமணி நேரம் பாடுபட்டுக் கொண்டை போட்டு, அதைச் சுற்றி இரண்டு முழம் மல்லிகை வைத்திருந்தேன். "போடா, பத்து நிமிஷ வழிக்கு இதை வேறே கவிழ்த்துக்கணுமா? யாராவது நிறுத்தினா நான் பேசிக்கிறேன்" என்றேன். பேசிப் பழக்கம் உண்டு. "சரி சரி, போங்கம்மா" என்று எத்தனையோ போலீஸ்காரர்கள் விட்டிருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள் என் கணவரின் செல்போனுக்குச் செய்தி வந்தது. வண்டி அவர் பெயரில் இருக்கிறதல்லவா? 1000 ரூபாய் அபராதம். கூடவே படம். முன்னால் ஹெல்மெட்டோடு மகன்; பின்னால் பட்டுப் புடவையும் பூவுமாக நான். "பூ நல்லா விழுந்திருக்கு" என்றார் அவர். எனக்கு வந்ததே கோபம்!

மகன்தான் விளக்கினான். அந்தக் காமிரா வண்டியின் எண் பலகையைப் படித்து, பதிவு விவரத்திலிருந்து சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிடுமாம். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, காமிரா இருக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பலகையை நான் எங்கே பார்த்தேன்? பூ கசங்காமல் இருக்கிறதா என்றல்லவா தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்! பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் என்று 2015 ஜூலையில் ஐகோர்ட் உத்தரவின்மேல் கெடுபிடி வந்தபோது கடை கடையாக அலைந்து வாங்கினோம். பிறகு அது பரணுக்குப் போய்விட்டது. 2022 அக்டோபரில் 100 ரூபாய் அபராதம் 1000 ஆனதைப் பேப்பரில் படித்தும் உறைக்கவில்லை.

"நின்னு விசாரிக்காம, நியாயம் கேக்காம, இதென்ன மிஷின்!" என்று நான் பொரிந்துகொண்டிருந்தபோது, மருமகள் காய் நறுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அத்தே, எங்கம்மாவும் பத்து நிமிஷ வழிதான் போனாங்க."

சம்பந்தி அம்மாள் வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டுப் பின்னாலிருந்து விழுந்தது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்து நல்லபடியாக வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். "அதுக்கப்புறம் அம்மாவுக்கு வாசனையே தெரியறதில்லை அத்தே. பால் பொங்கித் தீஞ்சாலும் தெரியாது. காஸ் கசிஞ்சா என்ன பண்றதுன்னு அப்பாவுக்கு தினம் பயம். பூ வச்சுக்கறதையே விட்டுட்டாங்க."

மூக்குக்கு மேலே மண்டையோட்டின் அடியில் சல்லடை போன்ற எலும்பு இருக்கிறது. வாசனை அறியும் நரம்பிழைகள் அதன் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. தலை தரையில் மோதி மூளை குலுங்கும்போது அந்த இழைகள் அறுந்துபோகலாம். வெளியே பெரிய காயம்கூட இருக்காது. எங்கள் டாக்டரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாலு வருஷமாக அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பூ வாங்கிப் போயிருக்கிறேன். வாங்கிச் சாமி படத்துக்கு வைத்துவிடுவார்கள். பக்தி என்று நினைத்தேன்.

அபராதத்தை அன்றே கட்டச் சொன்னேன். காமிரா மேல் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை இல்லைதான். எண்ணைத் தவறாகப் படித்து யாருக்கோ அனுப்புவதும் நடக்கிறது. அப்படி வந்தால் பேசாமல் கட்டாமல் ஆட்சேபம் தெரிவிக்கலாம். எங்கள் தெருவில் காமிராவும் கிடையாது. வேகத்தடையோ மூன்று இருக்கிறது! அதோடு, தலையில் ஹெல்மெட் இருக்கிறதா என்று பார்க்கிற காமிராவுக்கு, தாடைக்குக் கீழே வார் மாட்டியிருக்கிறதா என்பது தெரியுமா? மாட்டாவிட்டால் விழும்போது தலைக்கு முன்னால் ஹெல்மெட் போய்விடும்.

பரணில் இருந்தது பழசாகிவிட்டதால், ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்துப் புதிதாக ஒன்று வாங்கினோம். உச்சிக் கொண்டை போட்டால் அது தலையில் இறங்காது. கழுத்தோடு தாழ்வாகப் பின்னல் போட்டுக்கொள்கிறேன். போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது மருமகளே வாரை மாட்டிவிட்டாள். மல்லிகையை வாழையிலையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, கோயில் வாசலில் இறங்கி வைத்துக்கொண்டேன்.