குடும்பப் பெயர் கேட்கும் கட்டம்

திரையில் நிரப்பும் படிவத்தை அமைக்கும் மென்பொருளாளர், முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டங்களை வரைந்து, இரண்டாவதை நிரப்பாதவரை அடுத்த பக்கத்துக்கு விடாத கட்டாயக் கட்டமாக ஆக்கும்போது, தலைமுறைதோறும் மாறாது வரும் ஒரு பெயர் எல்லாக் குடும்பங்களுக்கும் உண்டு என்னும் அவரது எண்ணமே கணினியின் விதியாகிவிடுகிறது.

சேலம் மாவட்டத்து ஆத்தூர் வட்டாரத்தில், மரவள்ளி பயிரிடும் வீடாயினும் ஜவ்வரிசி ஆலைக்கு வேலைக்குப் போகும் வீடாயினும், அத்தகைய பெயர் இன்று பெரும்பாலும் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தாகிய இனிஷியலும் தன் பெயருமே ஒருவரின் முழுப்பெயர். மணமானபின் பெண்ணின் இனிஷியல் கணவர் பெயருக்கு மாறுவதும் உண்டு. பாட்டன் காலத்துக் கிரயப் பத்திரங்களில் பெயரின் ஈற்றில் நின்ற கவுண்டர், உடையார், முதலியார் முதலிய சாதிப் பட்டங்கள் பேரப்பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களில் மறைந்துவிட்டன. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அப்பட்டங்களைக் கைவிடத் தீர்மானித்ததும், அதைத் தொடர்ந்த நெடிய இயக்கமும் ஈட்டித்தந்த மாற்றம் அது. தமிழர் பெருமைகொள்ளத்தக்க அந்த விடுதலையைத்தான் கட்டாயக் கட்டம் ஒரு குறையாகக் கணக்கிடுகிறது.

ஆதார் முழுப்பெயரையும் ஒரே கட்டத்தில் பெறுகிறது. வருமான வரிக்கான நிரந்தரக் கணக்கு எண்ணாகிய பான் அட்டையின் படிவமோ பெயரை மூன்றாகப் பிரித்து, இனிஷியலை விரித்தெழுதச் சொல்லி, ஒற்றைப் பெயரைக் கடைசிப் பெயருக்குரிய இடத்தில் வைக்கச் சொல்கிறது. ஒருவரே இரு பதிவேடுகளில் இரு விதமாகப் பதிவாவதால், அவற்றை இணைக்கையில் பெயர் பொருந்தவில்லை என்ற மறுப்பு வரக்கூடும். அதைத் திருத்த ஒருநாள் கூலியை விட்டு இ-சேவை மையத்துக்கு அலைபவர், பிழை தம்முடையது என்றே எண்ணிக்கொள்வது வருந்தத்தக்கது. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராகி, முதற்பெயரின் இடத்தில் 'முதற்பெயர் தெரியாது' எனப் பொருள்படும் எஃப்.என்.யூ. என்னும் எழுத்துகள் அமர்கின்றன. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உடையோரைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என அறிவித்து, பின்னர், கடவுச்சீட்டில் தந்தை பெயர் இருந்தால் போதும் என விளக்கமும் தந்தது. இவற்றுக்கு அஞ்சித் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எழுதும் மகளை, வெளிநாட்டு அலுவலகம் தந்தையின் பெயர் சொல்லியே அழைக்கிறது.

இணையத்துக்குத் தரம் வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, பெயரைப் பிரிக்கும் தேவை உண்மையில் இல்லையெனில் முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வைக்குமாறு பரிந்துரைக்கிறது. செய்வதற்கு மிக எளிய திருத்தம் இது. ஆயினும் ஆயத்த நிரல்களோடு அந்த இரு கட்டங்களும் வந்துவிடுவதால், இனிஷியலோடு வளர்ந்த தமிழகப் பொறியாளர்களும் தம் தாய்தந்தையரால் நிரப்ப இயலாத படிவங்களையே இன்றும் வடிவமைத்து வருகின்றனர்.